நான் தப்பாகப் படித்த ஆறு படங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சிம்பாங் ரெங்கத்துக்குப் போய், ஒரு கம்பெனி பஸ்ஸின் படியில் உட்கார்ந்து, அந்த பஸ்ஸை ஓட்டும் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

என்ன செய்தேன் என்கிறீர்களா? அவருடைய பஸ்ஸில் என் காரை இடிக்கவில்லை. குறுக்கே நிறுத்தி வழி மறிக்கவில்லை. என் தப்பு இந்தப் பத்திரிகையின் இதே பக்கத்தில், இதே கட்டத்துக்குள், மூன்று வாரத்துக்கு முன்பு அச்சாகி வந்தது. நீங்களும் படித்தீர்கள். பல பேர் பாராட்டிச் செய்தி அனுப்பினீர்கள். ஒருவர் அதன் கடைசி வரியை வெட்டி, ரோஜாப்பூ படத்தில் ஒட்டி, காலை வணக்கமாக எனக்கே அனுப்பினார். எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது போலிருக்கிறது.

அந்த வரி தப்பு. தயவுசெய்து ரோஜாப்பூவை அழித்துவிடுங்கள்.

முதலிலிருந்து சொல்கிறேன். பழைய வாசகர்களுக்கு என்னைத் தெரியும் — குளுவாங்கில் மூக்குக்கண்ணாடிக் கடை, ஐம்பத்தேழு வயது, படிப்பது மங்கா. புதிதாக வந்தவர்களுக்காக: மங்கா என்றால் ஜப்பானியச் சித்திரக்கதை. ஒரே கதை பத்து, இருபது, சில சமயம் எழுபது புத்தகம் என்று நீளும். என் வீட்டில் அதற்கென்றே ஓர் அலமாரி உண்டு. விருந்தாளிகள் வந்தால் என் மனைவி மீனாள் அதைக் காட்டி, "பேரப்பிள்ளைங்க புக்கு" என்று சொல்லிச் சமாளிப்பாள். எங்களுக்கு இன்னும் பேரப்பிள்ளைகள் பிறக்கவில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தது ஆறு வருஷத்துக்கு முன்பு. கண் பரிசோதனைக்கு வந்த தேவன் என்ற வாடிக்கையாளர் ஒரு புத்தகத்தை நாற்காலியில் மறந்து வைத்துவிட்டுப் போனார். மலாய் மொழிபெயர்ப்பு. சும்மா புரட்டினேன். அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்து கேட்டபோது, "நாளைக்கு வாங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். இன்னும் முப்பது பக்கம் பாக்கி இருந்தது, என்ன செய்வது?

தேவன் மறுநாள் வந்தார். கையில் இரண்டாவது புத்தகம்.

அப்படி ஆரம்பித்து இப்போது ஐந்து பேர் சேர்ந்துவிட்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கோப்பிக் கடையில் கூடுவோம். தேவனுக்குச் சிங்கப்பூரில் வேலை; வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறவர், அங்கே பழைய புத்தகக் கடைகளில் கிடைப்பதை அள்ளிக்கொண்டு வருவார். ஒருவர் படித்து முடித்து அடுத்தவருக்குக் கொடுப்போம். ஐந்து பேருக்கு ஒரு செட் போதும்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்து கோப்பி சொன்னதும் முதல் கேள்வி, "யாரு எத்தனாவது புக்குல இருக்கீங்க?" ஒவ்வொருவரும் நம்பர் சொல்ல வேண்டும். ஒருவர் பதினாலு, ஒருவர் பன்னிரண்டு, ஒருவர் ஆறு என்றால், அன்றைய பேச்சு ஆறோடு நின்றுவிடும். ஏழாவதில் என்ன நடக்கிறது என்று யாரும் மூச்சு விடக் கூடாது. முன்னால் ஓடியவர்கள் கோப்பியைக் குடித்துக்கொண்டு முகத்தை ஒன்றும் தெரியாததுபோல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்கு இந்த வழக்கம் ரொம்பப் பிடிக்கும். யோசித்துப் பாருங்கள் — கடைசியில் வருகிறவருக்காக முன்னால் போனவர்கள் வாயை மூடிக்கொள்ளும் கூட்டம் வேறு எங்கே இருக்கிறது? கல்யாண வீட்டுப் பந்தியில்கூட அப்படி ஒரு பெருந்தன்மையை நான் பார்த்ததில்லை.

அந்தக் கடைசி ஆள் எப்போதும் கஸ்தூரிதான். நான் மன்னிப்புக் கேட்டேனே, அந்த பஸ் ஓட்டும் அம்மா. ஐம்பதை நெருங்கும் வயது. சிம்பாங் ரெங்கத்தில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ். காலை ஷிப்டை இறக்கிவிட்ட பிறகு, மரத்தடியில் பஸ்ஸை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து ஓர் அத்தியாயம் படிப்பார். ஒன்றே ஒன்று. "ரெண்டு படிச்சா ஒன்னாவது மறந்துடும் அண்ணே" என்பார்.

இந்த வருஷம் எங்கள் ஐந்து பேரையும் பிடித்து ஆட்டிய தொடர் ஒன்று உண்டு. பெயரை மூன்று வாரத்துக்கு முன்பு எழுதினேன். இன்று எழுத மாட்டேன். பட்டது போதும். அந்தப் பேப்பரில் நீங்கள் எப்போதோ மீன் சுற்றியிருப்பீர்கள், அதுவும் நல்லதுதான்.

கதை சின்னது. ஜப்பானில் ஒரு மலையூர். அங்கே பஸ் ஓட்டுகிறாள் ஒரு தாய். அவள் மகள் முதல் புத்தகத்திலேயே சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அந்தத் தாய் தினமும் காலையில், ஊர் எல்லையில் யாருமே ஏறாத ஒரு நிறுத்தத்தில் பஸ்ஸை ஒரு நிமிஷம் நிறுத்துவாள். கதவைத் திறப்பாள். யாரும் இல்லை. மூடிவிட்டுப் புறப்படுவாள். பயணிகள் ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. பதினாலு புத்தகம் முழுக்க அந்தப் பயணிகளின் கதைகள்தான். ஆனால் நமக்குக் கண்ணெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தின் மேல் இருக்கும்.

கஸ்தூரிக்கு இந்தத் தொடர் மேல் தனி உரிமை. முதல் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து குறை சொன்னார். "இந்த வளைவுல எந்த டிரைவரும் இப்படி ஒடிக்க மாட்டாங்க. பின்சக்கரம் காண்டாவுல போய்டும்." நாங்கள் யாரும் சக்கரத்தையும் ரோட்டோரச் சாக்கடையையும் கவனிக்கவே இல்லை. மூன்றாவது புத்தகத்தில் மனசு மாறிவிட்டார். "மேல உள்ள கண்ணாடியில ஆளப் பாக்கறப்ப கழுத்து அசையாது அண்ணே, கண்ணு மட்டும்தான் போகும். இத வரைஞ்ச ஆளு பஸ்ல முன்சீட்டுல உக்காந்து பாத்திருக்கு."

அன்று வீட்டுக்குப் போய் மூன்று புத்தகத்தையும் திரும்பப் பார்த்தேன். ஆமாம். கழுத்து ஓரிடத்திலும் அசையவில்லை. வாழ்நாள் முழுவதும் கண்ணை வைத்துப் பிழைக்கிறவன் நான். எனக்கு அது தெரியவில்லை.

இனி என் வண்டவாளம்.

பதின்மூன்று புத்தகம்வரை எங்களிடம் இருந்தவை மலாய்ப் பதிப்பு. ஜப்பான்காரர்கள் புத்தகத்தை வலது பக்கத்திலிருந்து திறப்பார்கள். படங்களும் வலமிருந்து இடமாகத்தான் போகும். அந்த மலாய்ப் பதிப்பில் நம் வசதிக்காக எல்லாவற்றையும் இடமிருந்து வலமாகத் திருப்பி அச்சிட்டிருந்தார்கள். பதினாலாவது, அதாவது கடைசிப் புத்தகம் மட்டும் மலாயில் அகப்படவில்லை. தேவன் சிங்கப்பூரிலிருந்து ஆங்கிலப் பதிப்பைக் கொண்டுவந்தார். அது ஜப்பான் முறையில் வலமிருந்து இடம்.

எனக்குத் தெரியாதா? தெரியும். அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கம் முழுக்க எச்சரிக்கையே போட்டிருந்தார்கள் — நில், நீ தப்பான பக்கத்திலிருந்து வருகிறாய் என்று. அதையும் படித்துத் தலையாட்டிவிட்டுத்தான் ஆரம்பித்தேன். வசனம் இருக்கும்வரை ஒரு தொல்லையும் இல்லை. வரிசை மாறினால் பேச்சு உளறலாகிவிடும், கண் தானாகத் திருந்திக்கொள்ளும்.

ஆனால் கடைசி அத்தியாயத்தில் வசனமே இல்லை. கடைசி இரண்டு பக்கத்தையும் சேர்த்து, ஒரே வரிசையில், நெட்ட நெட்டையாக ஆறு படங்கள். அவ்வளவுதான் முடிவு.

நான் பார்த்த வரிசை இது. கண்ணாடியில் தாயின் கண்கள். பின் இருக்கையில் மகள். தரையில் அவளுடைய பை. படியில் இரண்டு கால்கள். திறந்த கதவு. ஆளில்லாத நிறுத்தம்.

வந்தவள் மறுபடியும் இறங்கிப் போய்விட்டாளே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். கண்ணையும் துடைத்தேன். அப்படியே உட்கார்ந்து பத்தியை எழுதி, ஈரம் காய்வதற்குள் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டேன். பத்தி எழுதுகிறவன் தன் எழுத்தை நம்பவே கூடாத நேரம் ஒன்று உண்டென்றால், அது அழுது முடித்த பதினைந்தாவது நிமிஷம்.

என்ன எழுதினேன்? முழுக் கதையையும் சொன்னேன். முடிவையும் சொன்னேன். அதோடு விட்டேனா... "போன பிள்ளைகள் திரும்பி வந்தாலும் தங்குவதில்லை. காத்திருப்பதை நிறுத்திக்கொள்வதுதான் பெற்றவர்களுக்கு நிம்மதி" என்று முத்தாய்ப்பு வேறு வைத்தேன். ரோஜாப்பூவில் ஏறியது அந்த வரிதான்.

எங்கள் வழக்கம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். எழுதும்போது அது ஞாபகம் வந்தது, மறைக்க மாட்டேன். வாயால் சொல்லக் கூடாது என்றுதானே பேச்சு, எழுதக் கூடாது என்று யார் சொன்னது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். கஸ்தூரி அப்போது பதினோராவது புத்தகத்தில் இருந்தார்.

அடுத்த ஞாயிறு கோப்பிக் கடையில் கூடினோம். கஸ்தூரி வரவில்லை. தேவன் ஒரு துணிப்பையை மேஜைமேல் வைத்தார். உள்ளே பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று.

"அக்கா குடுத்து வுட்டாங்க. இனிமே படிக்கலயாம்."

"ஏன், என்னாச்சு?"

தேவன் கோப்பியைக் கலக்கினார். கலக்க அதில் ஒன்றும் இல்லை, அவர் குடிப்பது சீனி போடாத கோப்பி. பிறகு தன் பையிலிருந்து பதினாலாவது புத்தகத்தை எடுத்து, கடைசி இரண்டு பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார்.

"அண்ணே, தப்பா நெனக்காதீங்க. இத எப்படிப் படிச்சீங்க, கொஞ்சம் கைய வச்சிக் காட்டுங்க."

காட்டினேன். இடது ஓரத்தில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகர்த்தினேன். கண்கள், மகள், பை, கால், கதவு, காலி நிறுத்தம். தேவன் முழுவதையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு என் விரலை மெதுவாகப் பிடித்துத் தூக்கி, வலது ஓரத்தில் வைத்தார்.

ஆளில்லாத நிறுத்தம். கதவு திறக்கிறது. படியில் இரண்டு கால்கள். பஸ்ஸின் தரையில் பை. இருக்கையில் மகள். கண்ணாடியில் தாயின் கண்கள்.

அவள் ஏறுகிறாள். இறங்கவே இல்லை. பதினாலு புத்தகம் காத்திருந்தவளிடம் வந்து சேர்ந்துவிட்டாள். எழுதியவர் அவளை வரவழைக்க எத்தனை வருஷம் உழைத்தாரோ... நான் அரை நிமிஷத்தில் இறக்கிவிட்டிருக்கிறேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன் என்று நினைக்கிறேன்.

"சொல்லலாம்னுதான் போன எடுத்தேன். அப்புறம் நெனச்சேன், அண்ணே எவ்வளவு நாளா எழுதறாரு, நமக்குத் தெரியாத ஏதோ ஒன்ன ஆழமாப் பாத்திருக்காரு போலன்னு."

கேட்டீர்களா? ஒருவன் ரொம்ப நாள் எழுதிவிட்டால் வருகிற வினை இது. அவன் உளறினாலும் ஜனங்கள் அதில் ஆழம் தேடுவார்கள்.

அதற்குப் பிறகுதான் தேவன் முக்கியமான விஷயத்தைச் சொன்னார். கஸ்தூரிக்கு யாழினி என்று ஒரு மகள். ஜொகூர் பாருவில் — எங்கள் பேச்சில் ஜேபி — தோழிகளோடு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, தினம் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். இரண்டு வருஷமாக அம்மாவோடு பேச்சு இல்லை.

"ஒங்க பத்தி வந்துச்சே, அந்த ஞாயித்துக்கெழம அக்கா ஜேபி போறதா இருந்தாங்க அண்ணே, மகளப் பாக்க. லீவெல்லாம் போட்டுட்டாங்க. காலையில பேப்பரப் படிச்சிட்டு, வேணாம்னு விட்டுட்டாங்களாம்."

அந்தக் கோப்பியை என்னால் குடிக்க முடியவில்லை. தட்டில் வாட்டி வைத்த ரொட்டி பக்கார் அப்படியே இருந்தது. கூட வந்த மற்ற இருவரும் எழுந்து போய் எதையோ வாங்குவதுபோல் நின்றார்கள். அவர்களுக்கும் அன்று என் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்திருக்கும்.

அந்த வாரம் பூராவும் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். நீளமாக ஒரு செய்தி எழுதினேன், அழித்தேன். குட்டியாக ஒன்று எழுதினேன். அது இன்னும் மோசம். மீனாள் இரண்டு நாள் சும்மா இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள் வாய் திறந்தாள்.

"ஊருக்கே தெரியிற மாதிரி பேப்பர்ல சொன்னீங்கல்ல, அப்புறம் என்ன மன்னிப்ப மட்டும் போன்ல அனுப்பறது? நேர்ல போங்க."

அப்படித்தான் போன ஞாயிறு சிம்பாங் ரெங்கத்தில் அந்த மரத்தடிக்குப் போய் நின்றேன். ஷிப்டை இறக்கிவிட்ட பஸ் காலியாக நின்றது. கஸ்தூரி வாளியும் துணியுமாக முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பசியாறிட்டீங்களா அண்ணே?"

அந்த மரியாதையிலேயே கோபம் தெரிந்தது. வழக்கமாக என்னைப் பார்த்ததும், "என்னா, கடைய பூட்டிட்டு கெளம்பிட்டீங்களா" என்றுதான் கேட்பார்.

"ஆச்சு. ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னு வந்தேன்."

"அதான் பேப்பர்லயே சொல்லிட்டீங்களே."

நான் பஸ் படியில் உட்கார்ந்தேன். நின்றுகொண்டு பேசும் தைரியம் இல்லை.

"நான் ஒங்கள கேட்டனா அண்ணே, முடிவு என்னான்னு?" துடைப்பதை நிறுத்தாமல் பேசினார். "நாலு மாசமா ஒவ்வொரு அத்தியாயமா படிச்சிக்கிட்டு வர்றேன். கையில ரொட்டிய வச்சிக்கிட்டு பேப்பர தொறக்கறேன், நீங்க கதைய முடிச்சி வச்சிட்டீங்க."

"தப்புதான். ஒங்களுக்கு முன்னாடி நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது."

"புக்கக்கூட விடுங்க." துணியைப் பிழிந்தார். "எம்மவ நர்சிங் படிப்ப பாதியில விட்டுட்டு வந்து நின்னப்ப, இனிமே இந்த வாசல்ல நிக்காதன்னு சொன்னது நான்தான். அவ நிக்கல. போய்ட்டா. ரெண்டு வருஷம். இந்தக் கதைய படிக்கப் படிக்கத்தான் ஒரு தடவ போய்ப் பாத்தா என்னான்னு தோணுச்சி. துணி மாத்தி, செருப்பெல்லாம் போட்டாச்சி. அப்பதான் ஒங்க பத்திய படிச்சேன். வந்தாலும் தங்காதுங்கன்னு போட்டிருந்தீங்க. செருப்ப கழட்டிட்டேன்."

வாசகர்களே, எனக்கு வேர்த்துவிட்டது. எத்தனையோ வருஷமாக எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பார்கள், பக்கத்தைத் திருப்புவார்கள், மீன் சுற்றுவார்கள் என்று நினைத்தேனே தவிர, ஒருவர் அதை நம்பிச் செருப்பைக் கழற்றுவார் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

அடுத்த சிக்கலைப் பாருங்கள். என் பையில் பதினாலாவது புத்தகம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அவருக்கு முடிவை இரண்டாம் தடவை உடைத்தவனாவேன். சொல்லாவிட்டால் பொய்யை அப்படியே விட்டுவிட்டு வந்தவனாவேன்.

"கஸ்தூரி, அந்தக் கடைசிப் பக்கத்த நான் தப்பாப் படிச்சிட்டேன்."

"தப்பான்னா?"

"அது இங்கிலீஷ் பதிப்பு. வலது பக்கமிருந்து படிக்கணும். பேச்சு இல்லாத பக்கம்... நான் பழக்கத்துல எடது பக்கமிருந்து படிச்சிட்டேன்."

அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. மங்கா படிக்கிறவரிடம் இதற்கு மேல் என்ன விளக்குவது? துணியிலிருந்து தண்ணீர் அவர் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் மனசுக்குள் அந்தப் படங்களைத் திருப்பி அடுக்குவது முகத்தில் தெரிந்தது.

"அப்ப அவ எறங்கல."

நான் பையை மடிமேல் இழுத்து வைத்துக்கொண்டேன்.

"ஏறுறா."

நான் தரையைப் பார்த்தேன்.

"வாயத் தொறக்காதீங்க அண்ணே. போதும்." முன்கண்ணாடியில் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தார். "ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் கண்ணு சரியா இருக்கான்னு பாத்துச் சொல்றீங்க. அட, அலமாக்!"

நான் பதினாலாவது புத்தகத்தை எடுக்கப் போனேன். கையைக் காட்டித் தடுத்தார். "இப்ப வேணாம். மூனு புக்கு பாக்கி இருக்கு. வரிசையா வர்றேன்." வாளியைத் தள்ளி வைத்துவிட்டு, ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். நான் படியிலேயே இருந்தேன்.

"எனக்கு மொதல்லேர்ந்தே அந்தம்மா மேல ஒரு கோவம் உண்டு" என்றார். "ஒங்க யாருகிட்டயும் சொல்லல. தெனம் நிறுத்துறா, கதவ தொறக்கறா, மூடறா. ஒரு நாளாவது தேடிப் போனாளா? பஸ் ஓட்டத் தெரிஞ்சவ."

"ரூட்ட விட்டுப் போக முடியாதே" என்றேன்.

"வேலை நேரத்துல முடியாது. லீவுல போலாம்ல?"

நான் இந்தத் தொடரைப் பற்றி ஆயிரம் வார்த்தை எழுதியவன். எங்கள் ஐந்து பேரும் மாதக்கணக்கில் பேசியிருக்கிறோம். அந்தத் தாயின் பொறுமையைப் புகழ்ந்தோமே தவிர, இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை.

"கதையில அவ ஏறிட்டான்னு எம்மவளும் ஏறிடுவான்னு நான் நெனக்கல அண்ணே" என்றார் கஸ்தூரி. "அது வரைஞ்சவரு கையில இருக்கு. இது அவ கையில இருக்கு. கதவ தொறக்கலன்னா திரும்பி வர்றேன், ஒரு மணி நேர வழிதான. செவ்வாக்கெழம எனக்கு லீவு."

நான் எழுந்தேன். மன்னித்தாரா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. துணிப்பையில் இருந்த மூன்று புத்தகங்களையும் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தபோது, வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

இந்த வாரம் எனக்கு மனசு நிறைய நன்றி இருக்கிறது. என் விரலைப் பிடித்து வலது பக்கத்தில் வைத்த தேவனுக்கு. சிரித்துவிட்டு, அப்படியே விட்டிருக்கலாம் அவர். போனில் முடித்துக்கொள்ள விடாத மீனாளுக்கு. எல்லாரையும்விட, என்மேல் கோபப்பட்ட கஸ்தூரிக்கு. பாராட்டுகிறவர்கள் கடைசி வரியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கோபப்படுகிறவர்கள்தான் முழுவதும் படித்திருக்கிறார்கள். நான் எழுதியதைத் தன் வாழ்க்கைக்குள் கொண்டுபோய் வைத்துப் பார்த்த ஒருவர் முப்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்த பிறகு, இந்தப் பத்தியை எழுத உட்காரும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்கும் நன்றி சொல்லிக்கொள்கிறேன். எனக்கு அது இவ்வளவு நாள் இல்லாமல் போனது ஒரு குறைதான்.

இன்னொன்றும் தோன்றுகிறது. தனியாகப் படித்திருந்தால் அந்த ஆறு படங்களைச் சாகும்வரை தப்பாகவே நினைத்துக்கொண்டிருப்பேன். நல்ல கதை, ஆனால் சோகமான முடிவு என்று நாலு பேரிடம் சொல்லியும் இருப்பேன். கூடப் படிக்க ஆட்கள் இருந்ததால்தான் எனக்கு அந்த மகள் வந்து சேர்ந்தாள்.

செவ்வாய் முழுக்கக் கடையில் எனக்கு வேலை ஓடவில்லை. ஒருவருக்கு வலது கண்ணையே இரண்டு தடவை பரிசோதித்தேன். புதன் காலை கஸ்தூரியின் குரல் செய்தி வந்தது. பின்னால் பஸ் எஞ்சின் சத்தம்.

"அண்ணே, போனேன். தொறந்தா. மொதல்ல ஒன்னும் பேசல, தண்ணி குடுத்தா. அப்புறம் சோறு போட்டா. கொழம்புல உப்பு கூட. நான் ஒன்னும் சொல்லல, சாப்புட்டேன். சரி, ஷிப்டு ஆளுங்க ஏறுறாங்க, வைக்கிறேன்."

நான் அதை நாலு தடவை கேட்டேன். மீனாளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் உப்பு என்ற இடத்தில் சிரித்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இதை எழுதட்டுமா என்று கஸ்தூரியிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்காமல் எழுதுவேனா?

"ஒரு நா டைம் குடுங்க அண்ணே. அவகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்."

மறுநாள் பதில் வந்தது. "எழுதலாமாம். எங்க ரெண்டு பேரு பேரயும் மட்டும் மாத்தணுமாம்."

என்ன பேர் வைக்கட்டும் என்று கேட்டு அனுப்பினேன். சாயங்காலம் வரை சத்தமே இல்லை. பிறகு இரண்டு பெயர்கள் வந்தன. கஸ்தூரி — அம்மாவுக்கு மகள் தேர்ந்தெடுத்தது. யாழினி — மகளுக்கு அம்மா தேர்ந்தெடுத்தது.

இந்த இரண்டு பெயரை முடிவு செய்ய, இருவரும் போனில் ஒரு மணி நேரம் பேசினார்களாம்.